ஏழாம் எண் சலவைக்காரி

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய்யை எழுதியவன் நான். பழியை வேறு யார் தலையிலும் கட்ட முடியாது, ஏனென்றால் எழுதியதும் நான், எழுத்துக் கோத்ததும் நான், அச்சடித்ததும் நான்.

எங்கள் கீழ்த்தெருச் சலவைக்காரிகள் சங்கத்துக்கு இந்த வருடம் அறுபது வயது. தவக்காலத்துக்கு முந்தைய வாரத்தில் முகமூடி போட்டு ஊர்வலம் போகிற சங்கம். கறுப்புக் காடு என்கிற இந்த மலைப்பகுதியில் ஊருக்கு ஒன்று இருக்கும், எங்கள் ஊரில் இரண்டு. அறுபதாம் ஆண்டு மலர் ஒன்று போட வேண்டும் என்றார்கள். "பரம், நீயே எழுதிடுப்பா. நாங்க எழுதினா வரிக்கு மூணு பிழை வரும்" என்றான் சங்கத் தலைவன் எகோன். இருபத்தெட்டு வருடமாக இந்த ஊர் அச்சகத்தில் குப்பை கொட்டுகிறேன். அவர்கள் மொழியை அவர்களைவிடச் சுத்தமாக எழுதுவேன் என்று எனக்கு ஒரு பெயர். அந்தப் பெருமையில் தலையை ஆட்டிவிட்டேன்.

மலரின் 19ஆம் பக்கம், நான்காம் வரி இது: "முப்பத்தோரு ஆண்டுகள் ஏழாம் எண் முகமூடியை அணிந்து, ஈடிணையற்ற துவைப்பாளராக விளங்கியவர் நிறுவனர் மைன்ராட்."

எழுத்துப் பிழை ஒன்றுகூடக் கிடையாது. ஆனால் அது பொய் என்று எழுதும்போதே எனக்குத் தெரியும். எகோனுக்குத் தெரியும். மைன்ராட் செத்து இருபத்தைந்து வருடம் ஆகிறது, அவனுக்கும் தெரிந்திருந்தது. ஊருக்கே தெரியும் என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை விழா. மலரை வெளியிடுவார்கள். ஏழாம் எண் முகமூடியைச் சங்க மண்டபத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, கீழே மைன்ராட் பெயர் பொறித்த பித்தளைத் தகட்டை அடிப்பார்கள். அதன் பிறகு யாரும் அதைத் தொட முடியாது. முகமூடியைப் போட்டது அவன் மனைவி ஒட்டிலி. அவளுக்கு வயது எழுபத்தேழு. அவள் கேட்பது ஒன்றே ஒன்று: சங்கப் பதிவேட்டில் ஏழாம் எண்ணுக்கு நேரே தன் பெயர்.

2

தொடக்கம் எழுதிப் பார்க்கிறேன்.

"1953ஆம் ஆண்டு, பனி போர்த்திய ஓடைக்கரையில், பதினோரு மனிதர்கள் ஒரு கனவோடு"

வேண்டாம். இது மலரில் எழுதியாயிற்று. பதினோரு பேருக்கும் கனவும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. எங்கள் ஊரின் மேற்பகுதியான மேலூரின் சங்கம் அவர்களைச் சேர்க்க மறுத்துவிட்டது. கீழ்த்தெருக்காரன் என்றால் தோல் பதனிடுகிறவன், வெளுக்கிறவன், கிட்டே வந்தால் நாறுகிறவன். அந்த ஆத்திரத்தில்தான் கூடினார்கள்.

"ஒட்டிலிக்கு அப்போது பதினேழு வயது. ஓடைநீரைப் போன்ற நீலக் கண்"

இதுவும் வேண்டாம். அவள் கண் எந்த நிறமாக இருந்தால் என்ன? பதினோரு ஆண்களில் எவன் கண்ணைப் பற்றியாவது நான் எழுதினேனா?

"ஒட்டிலி பியர் கொண்டுவந்தாள்."

இது சரி. இதிலிருந்து போகலாம்.

3

ஒட்டிலி பியர் கொண்டுவந்தாள். பூசை முடிந்த ஞாயிற்றுக்கிழமை, 'மூன்று கெண்டை' சாராயக்கடை, ஜன்னலோர நீள மேசை. ஒரு கைக்கு ஐந்து குவளை. புதுச் சங்கத்துக்கு என்ன வேடம் என்று ஆண்கள் ஒரு மணி நேரமாக இழுபறி.

"கரடி போடுவோம்."

"கரடி பக்கத்து ஊர்ல இருக்கு."

"அப்ப பிசாசு."

"பிசாசு எந்த ஊர்லதான் இல்ல?"

ஒட்டிலி குவளைகளை இறக்கினாள். அவளை யாரும் கேட்கவில்லை. அவளாகத்தான் சொன்னாள்.

"கீழ்த்தெருவுக்குக் கரடி எதுக்கு? சலவைக்காரியைப் போடுங்க. எங்கம்மா மூஞ்சியைப் பாத்துச் செதுக்குங்க, பிசாசே ஓடிரும்."

சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றது. ஒட்டிலியின் அம்மா ஓடையில் பனிக்கட்டியை உடைத்து மேலூர்க்காரர்களின் படுக்கை விரிப்புகளை வெளுக்கிறவள். விரிப்பை வெளுக்கிறவளுக்குத் தெரியாத குடும்ப ரகசியம் உண்டா? இந்தப் பக்கத்து ஊர்களில் முகமூடி போட்டவன் குரலை மாற்றிக்கொண்டு வந்து எதிரில் நிற்பவனைப் பற்றிய உண்மையை முகத்துக்கு நேரே சொல்வான். மேயராக இருந்தாலும் பாதிரியாராக இருந்தாலும் "நீ"தான். கேட்பவன் கோபித்துக்கொள்ளக் கூடாது. மற்ற ஊர்களில் அதற்குத் தலைவாருதல் என்று பெயர். எங்கள் சங்கத்தில் அன்றைக்கே துவைத்தல் என்று பெயர் வைத்தார்கள். துவைத்துக் காயப்போடுவது.

ஒட்டிலியின் அம்மா மூன்று நாள் உட்கார்ந்து முகத்தைக் கொடுத்தாள். பெரிய மூக்கு, இடது கன்னத்தில் மரு, மேல் வரிசையில் இரண்டு பல் இல்லை. அதே முகம் இன்றைக்கு எழுபது பேருக்கு இருக்கிறது, எனக்கும் இருக்கிறது. நான் எழுபத்தொன்றாம் எண்.

பிறகு விதிகள் எழுதினார்கள். முதல் விதி, ஊர்வலத்தில் முகமூடியைத் தூக்கக் கூடாது. இரண்டாவது, முகமூடிக்குள் இருப்பவர் யார் என்று உறுப்பினர் எவரும் சொல்லக் கூடாது, சொன்னால் ஓடையில் தூக்கிப் போடப்படுவார்.* மூன்றாவது, பெண்கள் முகமூடி அணியக் கூடாது.

"ஏன்டி, என் மூஞ்சியை நான் போடக் கூடாதாமா?" என்று அம்மா கேட்டாளாம்.  பாவாடைகள் தைக்கிற வேலையை மட்டும் பெண்களுக்குக் கொடுத்தார்கள்.

மலரில் இந்த இடம் எப்படி இருக்கிறது தெரியுமா? "நீண்ட ஆலோசனைக்குப் பின் நிறுவனர்கள் சலவைக்காரி உருவத்தைத் தேர்ந்தெடுத்தனர்." நீண்ட ஆலோசனையாம்.

(*பிப்ரவரி மாத ஓடை. அறுபது வருடத்தில் இரண்டு பேரைப் போட்டிருக்கிறார்கள். ஒருவருக்கு நிமோனியா.)

4

மைன்ராட்டை என்ன செய்வது என்று எனக்குப் பிடிபடவில்லை. நல்லவன் என்று எழுதினால் கதை அவன் பக்கம் சாய்கிறது. கோழை என்று எழுதினால் ஒட்டிலி சண்டைக்கு வருகிறாள். தெரிந்ததை எழுதுகிறேன். பதினோரு நிறுவனர்களில் அவன் ஏழாமவன், தச்சன், திக்குவாய். ரொட்டிக் கடையில் "ரொட்டி" என்று சொல்லி முடிப்பதற்குள் பின்னால் வரிசை நின்றுவிடும்.

முதல் மூன்று வருடம் ஏழாம் எண் சலவைக்காரி வாயே திறக்கவில்லை. ஊமைச் சலவைக்காரி என்று சந்தைத் திடலில் கேலி செய்தார்கள். 1956இல் கல்யாணம். அடுத்த திருவிழா வியாழக்கிழமை மதியம் மைன்ராட் பாவாடை கட்டிக்கொண்டு சலவைக் கொட்டகையில் உட்கார்ந்து அழுதான். முகமூடி மடியில் கிடந்தது.

"எ-என்னால முடியல ஒ-ஒட்டிலி."

"கழட்டுங்க. குடுங்க இப்படி" என்றாள் ஒட்டிலி.

இருந்த மார்பைத் துணியால் இறுக்கிக் கட்டினாள். அதன் மேல் வைக்கோலை வைத்து இன்னொரு மார்பு கட்டினாள், ஏனென்றால் ஆண்கள் அப்படித்தான் கட்டுவார்கள். அவள் பெண்ணாகத் தெரிந்தால் போதாது, பெண் வேடம் போட்ட ஆணாகத் தெரிய வேண்டும். குரலும் அப்படியே. ஆண்கள் பெண் குரல் என்று நினைத்துக் கீச்சிடுகிற கீச்சை அவள் கீச்சிட வேண்டும். கொட்டகையைத் திறந்துகொண்டு போனாள். மைன்ராட் நான்கு மணி நேரம் உள்ளே, ஒரு தொத்திறைச்சித் துண்டோடு ஒளிந்திருந்தான்.

அன்று அவள் ஒன்பது பேரைத் துவைத்தாள். முதலில் துவைத்தது மேலூர்ச் சங்கத் தலைவரை. "நீ நாத்தம் நாத்தம்னு சொல்றியே, உன் விரிப்பை வெளுக்க எங்களுக்கு ஏன் ரெண்டு கட்டி சோப்பு ஆகுதுன்னு உன் பொண்டாட்டிகிட்டக் கேளு." திடல் மொத்தமும் வயிற்றைப் பிடித்துக்கொண்டது. சொல்லும்போது மரத்துக்குள் தன் மூச்சின் சூடு முகத்தில் திரும்ப அடித்ததை ஒட்டிலி இன்றும் சொல்கிறாள். பதினோரு பேரும் சேர்ந்து செய்ய முடியாததை ஒரு வாக்கியத்தில் செய்துவிட்டோம் என்று அவளுக்கு அங்கேயே தெரிந்தது.

1971இல் சாயப்பட்டறை முதலாளியைத் துவைத்தாள். ஓடை ஒரு நாள் சிவப்பாக ஓடும், ஒரு நாள் நீலமாக. "உன் மில்லுல இந்த வாரம் என்ன நிறம்னு நாங்க கடையில போய்ப் பாக்கறதில்லப்பா, எங்க வாத்தைப் பாத்தாத் தெரிஞ்சிடுது." இரண்டே வருடத்தில் கழிவுநீர்க் குழாய் போட்டார்கள். மலரில் அதற்கு முழுப் பக்கம் கொடுத்திருக்கிறேன், மைன்ராட் படத்தோடு.

இப்போது என் ஆத்திரத்தின் அடிவேருக்கு வருகிறேன். மைன்ராட் திக்குவாய் என்று ஊருக்குத் தெரியும். ஏழாம் எண் தண்ணீர் மாதிரிப் பேசுகிறது என்றும் தெரியும். இரண்டையும் சேர்த்து ஊர் எந்த முடிவுக்கு வந்தது? முகமூடி போட்டால் திக்குவாய் போய்விடுகிறதாம். அற்புதமாம். பாதிரியார் பிரசங்கத்தில் சொன்னார். பத்திரிகைக்காரர்கள் வந்து எழுதினார்கள். பக்கத்து ஊரிலிருந்து ஒரு தாய், திக்குகிற மகளுக்கு வைத்துப் பார்க்க முகமூடியை ஒரு நாள் இரவல் கேட்டாள். மரத்துண்டு அற்புதம் செய்யும் என்று நம்பினார்கள். ஒரு பெண் பேசினாள் என்று உள்ளுக்குள் தெரிந்தும் ஒப்புக்கொள்ள மனசு வரவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், ஊரே உட்கார்ந்து அந்தச் சோற்றைச் சாப்பிட்டதை இங்கேதான் பார்த்தேன்.

5

1979, சங்க மண்டபம், பிற்பகல். மைன்ராட்டுக்குச் சங்கத்தின் உயர்ந்த விருதான தங்க மணியைக் கொடுக்கிறார்கள். ஒட்டிலி பின்னால் சமையலறை வாசலில், உருளைக்கிழங்குக் கலவைப் பாத்திரத்தோடு நிற்கிறாள். அவனை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். எழுந்தான்.

"ந-நன்றி. ஆனா அ-அது நான் இல்ல. அ-அது எ-என் ஒ... ஒ... ஒ..."

கை தட்டிவிட்டார்கள். அவன் தவிப்பதைப் பார்க்கப் பொறுக்காமல், நல்ல மனசோடு, எழுந்து நின்று தட்டினார்கள். "பாத்தீங்களா, முகமூடி இல்லன்னா மறுபடியும் வந்துடுது" என்று யாரோ ஒருவன் சொன்னான். மைன்ராட் உட்கார்ந்தான். உட்கார்ந்த பிறகும் அவன் வாய் வட்டமாகவே இருந்தது என்று ஒட்டிலி சொன்னாள்.

"இன்னும் ரெண்டு மூச்சு விட்டிருந்தா சொல்லி முடிச்சிருப்பாரு. எனக்குத் தெரியும், அவரு எதுல எவ்வளவு நேரம் நிப்பாருன்னு. அவரைக் கோழைன்னு எழுதாத, பரம். அவங்களை எழுது."

எழுதிவிட்டேன்.

1988இல் மைன்ராட் இறந்தான். ஏழாம் எண்ணுக்கு ஓய்வு என்று அறிவித்தார்கள். ஒட்டிலிக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது, சொல்ல வேண்டியது இன்னும் நிறைய இருந்தது. 1996இல் பெண்கள் கூடாது என்ற மூன்றாம் விதியை நீக்கியபோது முதல் ஆளாகப் போய் நின்றாள். அறுபத்து நான்காம் எண் தருகிறோம் என்றார்கள். புதிதாகச் சேருகிறவர்கள் முதல் வருடம் வாயைத் திறக்காமல் நடந்து பழக வேண்டும் என்றும் சொன்னார்கள். விண்ணப்பத்தை அங்கேயே கிழித்துப் போட்டுவிட்டு வந்தாள்.

6

மலருக்குப் படம் வாங்கப் போனபோதுதான் இதையெல்லாம் எனக்குச் சொன்னாள். எண்ணெயில் பொரித்த திருவிழாப் பலகாரத்தைத் தட்டு நிறைய வைத்துவிட்டுச் சொன்னாள். நான் வந்து எழுதினேன், உள்ளதை உள்ளபடி. எகோன் அச்சகத்துக்கு வந்து சிவப்பு மையால் அடித்தான். எகோன் இன்னொரு நிறுவனரின் மகன். குழாய் வேலை முதலாளி, கெட்டவன் இல்லை, என் மகள் கல்யாணத்துக்கு இரண்டு நாள் வந்து நாற்காலி தூக்கினவன்.

"எல்லாருக்கும் தெரிஞ்சதுதானேப்பா. தெரிஞ்சதை எதுக்கு எழுதணும்?"

"தெரியும்னா எழுதினா என்ன?"

"முப்பத்தோரு வருஷம் விதியை மீறிட்டோம்னு நாமளே அச்சடிச்சு மேலூர்க்காரன் கையில குடுக்கணுமா? செத்தவன் பேரைக் கெடுக்கணுமா? கிழவிக்கு ஒரு பதக்கம் குடுப்போம். இத்தனை வருஷம் பாவாடை தைச்சதுக்கு."

தைத்ததற்குப் பதக்கமாம். நான் என்ன செய்தேன் என்று கேளுங்கள். அடித்ததை அடித்தபடி எடுத்துவிட்டு, அவன் சொன்ன வரியைக் கோத்தேன். வாயில் கொழுக்கட்டை. பதக்கம் வந்தது. ஒட்டிலி அதைக் கோழிக்கூண்டுக் கதவில் தொங்கவிட்டாள்.

7

நேற்று முன்தினம், வியாழக்கிழமை. மதியம் இரண்டு மணி. திடலில் எழுபது சலவைக்காரிகள் துவைப்புக் கட்டையைத் தட்டிக்கொண்டு இறங்கினோம். ஓடைப் பக்கத்துச் சந்திலிருந்து எழுபத்தொன்றாவது ஒருத்தி வந்தாள். நிறம் போன பழைய பாவாடை, நெற்றியில் 7.

நாளைக்குக் கண்ணாடிக்குள் போக வேண்டிய முகமூடி. அதுவரை அது விதவை வீட்டில்தான் இருந்தது. வைக்கோல் செருப்பில் மெல்ல நடந்து வந்தாள். பெரியவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். ஊர்வலம் திடலை அடைந்ததும் தலைவன் மட்டும் முகமூடியைக் கழற்றுவது வழக்கம்; கழுத்தில் தலைவர் சங்கிலியும் கையில் முகமூடியுமாக எகோன் நின்றான். துவைக்கப்படுவது கௌரவம், அதனால் சிரித்துக்கொண்டே கையை விரித்தான்.

அவள் குரலை மாற்றவில்லை. கீச்சிடவில்லை. ரொட்டிக் கடையில் பேசுகிற குரலில், பூசையில் பாடுகிற குரலில், இந்த ஊரில் எழுபத்தேழு வருடமாக ஒலிக்கிற குரலில் பேசினாள்.

"எகோன், உனக்கு எட்டு வயசுல ஓடையில விழுந்தப்ப உன்னை இழுத்துப் போட்டது எங்கம்மா. அவ மூஞ்சியைத்தான் நீ கையில புடிச்சிட்டு நிக்கற. ஒரு பேரு கேட்டேன். பாவாடை தைச்சதுக்குப் பதக்கம் குடுத்த. உங்கப்பனும் அப்படித்தான், அடுத்தவ பேசினதுக்குத் தன் கூட்டாளிக்குக் கை தட்டினான். நான் சொல்றது பொய்னா இப்பச் சொல்லு."

 எகோன் முகம் வெளிறியது. கதை இங்கே முடிந்திருக்கலாம்.  பிறகு அவன் தொடையைத் தட்டிச் சிரித்தான்.

"அடேங்கப்பா. எவனோ ஒருத்தன் அச்சு அசலா ஒட்டிலி மாதிரியே பேசறான்பா."

பேசறான். திடல் முழுக்கச் சிரித்தது. நிம்மதியான சிரிப்பு. பக்கத்தில் நின்றவன் "யாருடா அது, நல்லாப் பண்றான்" என்று என் காதில் கேட்டான். நான் சொல்லவில்லை. இரண்டாம் விதி. என் முகத்திலும் அவள் அம்மாவின் முகம்தான் இருந்தது, அதற்குள் நின்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.  அவள் திரும்பிச் சந்துக்குள் போய்விட்டாள்.

8

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

(அ) அவள் முகமூடியைத் தூக்குகிறாள். திடல் உறைந்து போகிறது. நடக்கவில்லை. நேற்று வெள்ளிக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஏன் தூக்கவில்லை என்று கேட்டேன். "அது எங்கம்மா மூஞ்சிடா. இவனுங்க முன்னாடி அதைப் பிடுங்கி எறிஞ்சுதான் நான் யாருன்னு நிரூபிக்கணுமா?"

(ஆ) ஞாயிறு காலை அவள் தூக்கத்திலேயே இறந்துபோகிறாள், ஊர் வருந்துகிறது. முடியாது. கதை முடிய வேண்டும் என்பதற்காக ஒரு கிழவியைக் கொல்ல மாட்டேன். அவளுக்கு நல்ல பசி, மூன்று பலகாரம் சாப்பிட்டாள்.

(இ) எகோன் மனம் மாறிக் கண்ணீரோடு

இதை முடிக்கக்கூட எனக்கு மனசு வரவில்லை.

9

அந்த வெள்ளிக்கிழமைதான் இந்தக் கதையின் முதல் பாதியை அவளிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது என்ன எழுத்து?"

"என் மொழி. உங்களைப் பத்தித்தான். எல்லாம் எழுதியிருக்கேன், உங்க பேரோட."

"இந்த ஊர்ல இதை யாரு படிப்பா?"

"நான்."

தாளை மேசையில் வைத்தாள். முகமூடி அலமாரி மேல் இருந்தது, அதைப் போட்டுக்கொள்ளவில்லை.

"நீ பெரிய வீரன்தான் பரம். எங்க பாஷையில பொய்யை அச்சடிச்ச. உண்மையை ஒளிச்சு வைக்க ஒரு பாஷை வச்சிருக்க. நானும் முப்பத்தோரு வருஷம் ஒளிஞ்சுதான் பேசினேன், ஆனா எதிர்ல நிக்கறவனுக்குப் புரியறாப்பல பேசினேன். வெந்நீர் ஆறிப்போச்சு, அந்தக் கெட்டிலை எடு."

எடுத்து ஊற்றினேன். கோபித்துக்கொள்ளக் கூடாது என்பது விதி. கோபித்துக்கொள்ள என்னிடம் ஒன்றும் இல்லை.

10

இன்று சனிக்கிழமை. அச்சகத்தில் நான் மட்டும் இருக்கிறேன். ஐந்நூறு மலர்கள் பெட்டிகளில் அடுக்கி இருக்கின்றன. நாளை காலை ஒன்பது மணிக்கு எகோனின் வண்டி வரும்.

மதியம் ஒரு சின்னச் சீட்டுக் கோத்தேன். எல்லாப் புத்தகத்திலும் வைக்கிற பிழைதிருத்தச் சீட்டுத்தான். ஊர் மொழியில் கோத்தேன். பெயரில் முதல் எழுத்து வரை கோத்துவிட்டுக் கை நின்றுவிட்டது. நான் உறுப்பினர், எழுபத்தொன்றாம் எண், சொல்லக் கூடாது, ஓடையில் பனிக்கட்டி மிதக்கிறது. மைன்ராட்டும் இந்த எழுத்தில்தான் நின்றான். அவன் நாக்குக்கு ஒரு காரணம் இருந்தது.

நீங்கள் சங்க உறுப்பினர் இல்லை. உங்களை எந்த விதியும் கட்டாது. பெயர் உங்களுக்குத் தெரியும். சீட்டை இங்கே வைக்கிறேன். ஒரு வேண்டுகோள்தான்: இந்தத் தடவை யாரும் கை தட்டிவிடாதீர்கள். சொல்லி முடிக்கட்டும்.

பிழைதிருத்தம்

பக்கம் 19, வரி 4: 'நிறுவனர் மைன்ராட்' என்றிருப்பதை 'ஒ............' என்று திருத்தி வாசிக்கவும்.